கூப்பிடுகிறவரும் படித்த கொயோட்டியும்

முயல் ஒன்று அலறுகிறது. முயல் அங்கே இல்லை. அமெரிக்க மேற்குப் பகுதியின் புதர்வெளியில், செடியோடு செடியாகத் தெரியும் உடுப்பில் உட்கார்ந்திருக்கும் மனிதர் சீவாளி வைத்த சின்னக் குழலை ஊதுகிறார். கேட்டு வருவது கொயோட்டி. ஓநாய்க்கு நெருங்கிய உறவு, உடல் அதைவிடச் சிறிசு. 1823இல் தாமஸ் சே அதற்கு வைத்த லத்தீன் பெயரின் பொருளே ‘குரைக்கும் நாய்’. அறிவியல் பிரதிக்குள் அது நுழைந்ததே குரலாகத்தான்.

அதன் குரல்களை 1978இல் ஃபிலிப் லேனர் பதினொரு வகையாகப் பிரித்தார். வேட்டைக்காரருக்கு அவ்வளவு வேண்டாம், மூன்று நான்கு போதும். முயலின் அலறல் பசியைக் கூப்பிடுகிறது. இணைசேரும் பருவமான குளிர்கால இறுதியில் ஒற்றை ஊளை, அந்த எல்லையைக் காக்கும் ஜோடியைக் கூப்பிடுகிறது. குட்டி வலியில் கத்துவதுபோல் ஊதினால் ஆண், பெண் இரண்டுமே ஓடிவரும். ‘அதோட பாஷையைக் கத்துக்கிட்டோம்’ என்பதுதான் வேட்டைக்காரர்களின் பெருமை. இதைப் பொய்யென்று தள்ள முடியவில்லை என்பதே என் சங்கடம். மற்றமையை அறியாததால்தான் வன்முறை பிறக்கிறது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறோம். இங்கே அந்த வாய்ப்பாடு உதவாது. எந்த மாதத்தில் அது எதற்கு ஏங்கும், குட்டியின் வலி எந்தச் சுருதியில் இருக்கும் என்று அறிந்தவரே நன்றாக ஊதுகிறார். நன்றாகச் சுடவும் செய்கிறார். அறிதலே பொறியாகிறது. இதை உரையாடல் என்று எப்படிச் சொல்வது? பதில் வந்ததுமே பேச்சு முடிந்துபோகிறதே.

அதற்காகக் கொயோட்டியை வெறும் ஏமாளியாக்கிவிடவும் கூடாது. நேரே ஓடிவருவதும் உண்டு. ஆனால் பலதும், காற்று மனிதரைக் கடந்து தன்பக்கம் வரும்படி சுற்றிவளைத்து வரும். காதால் கேட்டதை மூக்கால் சரிபார்க்கிறது. குரலைப் போலி செய்யலாம், வியர்வையை என்ன செய்ய? இதற்கும் மாற்று வந்துவிட்டது: ஒலிபெருக்கியைத் தள்ளி வைத்து, பதிவுசெய்த குரலைத் தூரத்திலிருந்தே இயக்கும் மின்கருவி. குரல் ஓரிடம், உடல் ஓரிடம். இருந்தும் வாயால் ஊதுவதே வித்தை என்று அடம்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒருமுறை குண்டுக்குத் தப்பியது அதே குரலுக்கு லேசில் வராது. அதை வேட்டைக்காரர்கள் ‘படித்த கொயோட்டி’ என்கிறார்கள். எம்.ஏ. முடித்த எனக்கு இந்தப் பட்டத்தின்மேல் கொஞ்சம் பொறாமைதான். அப்படிப்பட்டது சிலசமயம் துப்பாக்கிக்கு எட்டாத மேட்டில் நின்றுகொண்டு, புதரைப் பார்த்து விடாமல் குரைக்கும். எச்சரிக்கைக் குரைப்பு. சுற்றுவட்டத்தில் இருக்கும் மற்றதுகளுக்கும் அது கேட்கும்.