ஸ்கைரிமில் பதுங்கலும் மந்திரமும் ஏன் ஒட்டவில்லை?

ஸ்கைரிமில் மூன்று முறை மந்திரவாதியாகத் தொடங்கியிருக்கிறேன். மூன்று முறையும் இருபது மணி நேரம் ஆவதற்குள் கையில் வில்லோடு இருட்டில் குந்திக்கொண்டிருந்தேன். என் சோம்பேறித்தனம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். ஆனால் 2011 நவம்பரில் கேம் வந்ததிலிருந்து ஊர்ப்பட்ட பேர் இதே கதையைச் சொல்கிறார்கள். 'ஸ்டெல்த் ஆர்ச்சர்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். இத்தனை பேர் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள் என்றால் கோளாறு விழுந்தவர்களிடம் இல்லை. பள்ளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. எதிரி நம்மைப் பார்க்காதபோது தாக்கினால் அடி பெருகும். வில்லுக்கு 2 மடங்கு, பெர்க் எடுத்தால் 3. ஒருகை ஆயுதத்துக்கு 3, பெர்க் எடுத்தால் 6. குறுவாளுக்கு 'அசாசின்ஸ் பிளேடு' இருந்தால் 15. 4 புள்ளி அடி கொடுக்கும் சாதாரண இரும்புக் குறுவாள் அப்போது 60 கொடுக்கும். மந்திரத்துக்கு? ஒன்றுமே கிடையாது. ஃபயர்போல்ட் 25 புள்ளி. நேருக்கு நேர் வீசினாலும் 25, தூங்குகிறவன் முதுகில் வீசினாலும் 25. வில்வித்தைத் திறன் ஏற ஏற அம்பின் அடியும் ஏறுகிறது. டிஸ்ட்ரக்ஷன் திறன் 100-ஐத் தொட்டாலும் அது தன்னளவில் மேஜிக்கா செலவை மட்டுமே குறைக்கும். நெருப்பின் வலுவை 50 சதவீதம் கூட்டும் பெர்க்குகளும், இரு கையாலும் சேர்த்து வீசினால் 2.2 மடங்காக்கும் பெர்க்கும் உண்டு. ஆனால் அவற்றுக்கும் பதுங்கலுக்கும் சம்பந்தம் இல்லை.

சரி, மந்திரத்துக்கும் 3 மடங்கு கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? முன்பு அப்படித்தான் நினைத்தேன். இப்போது இல்லை. அப்படிக் கொடுத்தால் ஃபயர்போல்ட் நெருப்புப் பூசிய அம்பாகிவிடும், அவ்வளவுதான். வில்லாளி போய் வேறு பெயரில் வில்லாளியே வருவான்.

நாலாவது முறை ரிவர்வுட் கடையில் வில்லை விற்றுவிட்டுக் கிளம்பினேன். ஹை எல்ஃப் பாத்திரம் என்பதால் ஃபியூரி மந்திரம் தொடக்கத்திலேயே கைவசம் இருந்தது. பிளீக் ஃபால்ஸ் பேரோவுக்குள் நுழைந்ததும் இரண்டு கொள்ளையர்கள் நெருப்புப் பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். தூணுக்குப் பின்னாலிருந்து ஒருவன்மேல் ஃபியூரியை வீசினேன். இருவரும் வெட்டிக்கொண்டார்கள். நான் அசையவில்லை. இந்த கேமில் எனக்குக் கிடைத்த நல்ல நிமிடங்களில் அதுவும் ஒன்று. பிறகு ஜெயித்தவன் பாதி உயிரோடு நின்றான். இப்போது என்ன? எழுந்து போய் அவன் முகத்தில் நெருப்பைக் காட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு வில் இருந்திருந்தால் என்று கை அரித்தது.

இல்யூஷன் பள்ளியில் நல்ல யோசனைகள் நிறைய இருக்கின்றன. இன்விசிபிலிட்டி 30 வினாடி, ஒரு கதவைத் திறந்தாலும் கலைந்துவிடும். இது நல்ல விதி, நம்மை யோசிக்க வைக்கிறது. காலடிச் சத்தத்தை அடக்கும் மஃபிளும் அப்படித்தான். ஆனால் யாருமே இல்லாத நடுவீதியில் மஃபிளைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் இல்யூஷன் திறன் மளமளவென்று ஏறும். ஒளிந்ததற்கு அல்ல, பொத்தானை அழுத்தியதற்குக் கூலி.

உலகமும் மந்திரத்துக்குப் பதில் சொல்வதில்லை. தரையில் எண்ணெய் கொட்டியிருந்தால் நெருப்பு மந்திரம் அதைப் பற்றவைக்கும். சுவரில் எரியும் தீவட்டிமேல் பனியை எவ்வளவு கொட்டினாலும் அது அணையாது. வெளிச்சத்தில் நின்றால் எளிதில் பார்க்கப்படுவோம் என்பது இந்த கேமின் விதி. அந்த வெளிச்சத்தைத் தொட மந்திரவாதிக்கு உரிமை இல்லை. 1998-இல் வந்த தீஃப் விளையாட்டில் தண்ணீர் அம்பு எய்து தீவட்டியை அணைக்கலாம். அங்கே இருட்டை நாமே உண்டாக்கினோம்.

இதற்கு முந்தைய ஆப்ளிவியனில் (2006) கோளாறு வேறு மாதிரி. 20 சதவீதம் கமீலியன் ஏற்றிய ஐந்து உருப்படிகளை மாட்டினால் 100 சதவீதம், அடித்தால்கூட எவனுக்கும் தெரியாது. ஸ்கைரிமில் அந்த வழியை அடைத்தார்கள், சொந்தமாக மந்திரம் செய்யும் வசதியையும் சேர்த்தே எடுத்தார்கள். ஆனால் கழுத்தில் அம்போடு கொஞ்ச நேரம் தேடிவிட்டு, காற்றாக இருக்கும் என்று திரும்பிப் போகும் காவலாளி இருக்கும்வரை பார்க்கப்படுவதில் பயம் ஏது? அவன் மறதி இலவசம். மறக்கடிப்பதே ஒரு மந்திரமாக, விலையுள்ள மந்திரமாக இருந்திருக்கலாம்.

"தனியா ஆடுற கேம்தானே, இஷ்டப்படி ஆடிட்டுப் போ" என்பான் நண்பன். இஷ்டம் என்றால் இரண்டு வழிகளாவது ஆடத் தகுந்ததாக இருக்க வேண்டாமா? நாலாவது ஆட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வில் வாங்கவில்லை. ஆனால் குகைகளில் கிடக்கும் அம்புகளைப் பொறுக்குவதை மட்டும் இன்னும் விடமுடியவில்லை.