தேயிலை விளம்பரமும் உரிப்பொருளும்

நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய உணவும் மரமும் விலங்கும் தொழிலும் கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றினொன்று சிறந்தன என்பது தொல்காப்பியர் கருத்து. எனவே உரிப்பொருளே தலையாயது. செய்யுளுக்கு வகுத்த இவ்வளவுகோலை ஊவாத் தேயிலையின் விளம்பரங்களுக்கும் பொருத்தி நோக்கலாம்.

1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளையை அடுத்த தம்பேதென்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து தம் தேயிலை நேரே தேநீர்ச் சாடியை அடைவதாக விளம்பரம் செய்தார். 'நேரே' என்ற ஒரு சொல்லில் இடைநின்ற உழைப்பு முழுவதும் மறைந்தது. அவ்வழி வந்த விளம்பரங்களில் மலை உண்டு, பனி உண்டு, யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று தரும் தனிமணத்தின் புகழுரையும் உண்டு. கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணும் உண்டு. ஆயினும் அவள் மரத்தோடும் மலையோடும் ஒத்த கருப்பொருளாகவே நிற்கிறாள். அவ்வுருவம் உலகச் சந்தையில் இலங்கையின் அடையாளமாக விளங்கிய காலத்திலேயே, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவளது மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆங்கிலம் படிக்கும் அதே உலகுக்குத்தான் 1954இல் சி. வி. வேலுப்பிள்ளை 'இன் சிலோன்ஸ் ரீ கார்டன்' என்னும் கவிதை நூலை அளித்தார். அங்கே தொழிலாளி காட்சிப்பொருளல்லள். துயரும் நினைவும் உடையவள். விளம்பரம் மறைத்த உரிப்பொருளைக் கவிதை மீட்டது.

இன்று அப்படம் கைத்தொலைபேசித் திரைக்கு வந்துவிட்டது. 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பெறுமதி சேர்த்தலைத் தன் இலட்சியமாகக் கொண்டது. முகாமைத்துவமும் தேயிலைத் தொழினுட்பமும் அங்கே ஒருங்கே கற்பிக்கப்படுகின்றன. டிஜிற்றல் சந்தைப்படுத்தலை ஆய்ந்து கற்பிக்கும் விரிவுரையாளருக்கு இதனினும் பொருத்தமான களம் அரிது. எனினும் உலகெங்கும் இத்துறையின் ஆய்வுகள் பெரிதும் அளப்பன நுகர்வோரின் கவனம், நம்பிக்கை, வாங்கும் எண்ணம் ஆகியவற்றையே. படத்தைப் பார்ப்பவர் வினாக்கொத்துக்கு விடையளிக்கிறார். படத்தில் இருப்பவளிடம் எவரும் வினவுவதில்லை. கட்டுரைகளின் எண்ணிக்கை பதவியுயர்வைத் தீர்மானிக்கும் கல்வி வாழ்வில், இக்குறையை உணராமலே ஒருவர் பேராசிரியராகிவிடலாம்.

தொழிலாளர் நிலையை ஆராய்வது பிற துறைகளின் பணி எனச் சிலர் கூறக்கூடும். அக்கூற்று பொருந்தாது. நம்பகத்தன்மையை ஆராய்வதாகக் கூறும் ஒரு துறை, காட்டப்படும் படம் மெய்யா என வினவாதிருப்பது அதன் ஆய்வுமுறையிலேயே உள்ள குறையாகும்.

லயத்து வீடொன்றிலிருந்து வரும் மாணவி அவ்விரிவுரையைக் கேட்க நேரின், திரையில் தெரிவது அவளுக்குத் தாயின் சாயல். பாடத்துக்கோ வெறும் உள்ளடக்கம். அத்தாயின் தலைமுறை ஆண்டுக்கணக்காகக் கோரிய ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021இலேயே சம்பளச் சபை வழியாக விதிக்கப்பட்டது. பொதியிலுள்ள குறியீட்டினூடாகத் தோட்டத்தின் உயரத்தையும் தேயிலையின் மணத்தையும் அறிவிக்க இயலுமாயின், நாட்சம்பளத்தையும் அறிவிக்க இயலும். தொழினுட்பம் அதற்குத் தடையன்று. ஆய்வாளரின் நோக்கே தடை.