கண்ணை மூடினால் கவலை தீருமா?

மாலை வேளையில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் சற்றே நின்று பாருங்கள். பள்ளி விட்டு வரும் மாணவர் கூட்டம்; முதுகிலே புத்தக மூட்டை, முகத்திலே களைப்பு. திருவரங்கம் செல்லும் பேருந்துக்குக் காத்து நிற்கும் ஒருவன், நாளைய தேர்வுக்கான பாடத்தை முணுமுணுக்கிறான். அவன் நெஞ்சிலே அச்சம். "கண்ணை மூடு, தியானம் செய், கவலை பறந்துவிடும்" என்று அவனுக்கு மருந்து கூறுகின்றனர் சிலர்.

எள்ளி நகையாடுதல் எளிது. ஆயினும், சோதித்துப் பார்ப்பதே பகுத்தறிவு. மூச்சை நிதானமாக இழுத்துவிட்டால் படபடப்புச் சற்றுத் தணியும்; மறுக்கவில்லை நாம். விரும்பி அமர்வோரைத் தடுக்கவும் இல்லை. ஆனால், வகுப்பு முழுவதையும் உட்காரவைத்து, "இதுவே உள்ளத்துக்கு மருந்து" என்றால், மருந்துக்குரிய சோதனை வேண்டாமா?

அச்சோதனை பிரிட்டனில் நடந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் முன்னின்று நடத்திய ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. 84 பள்ளிகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர், 11 முதல் 14 வயதினர். ஒரு சாரார்க்கு மனக்குவிப்புப் பயிற்சி. மறு சாரார்க்கு வழக்கமான பாடம். ஓராண்டு கழித்து அளந்தபோது, மனச்சோர்வைத் தடுப்பதில் பயிற்சி பெற்றோர் மேம்பட்டிருக்கவில்லை. பெரும்பாலோர் வீட்டில் அதைத் தொடரவே இல்லை. முன்பே உளத்துயர் கொண்டிருந்த பிள்ளைகளின் நிலை சற்று மோசமாகவும் கூடும் என்ற ஐயமும் எழுந்தது. எவருக்கு மருந்து மிகவும் தேவையோ, அவருக்கே அது ஒவ்வாமற் போகலாம்! துயருற்ற பிள்ளை கண்ணை மூடினால், எதிரே வருவது அமைதியா, அடக்கிவைத்த துயரமா?

"இது மதமன்று, விஞ்ஞானம்" என்பர். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1975–76இல் ஐந்து உயர்நிலைப் பள்ளிகளில் மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானம் அப்படித்தான் நுழைந்தது. மந்திரம் பெறச் சென்ற மாணவர் கண்டதோ, குருவின் படத்துக்குப் பூசை, வடமொழித் துதி! அரசுப் பள்ளியில் இது சமயப் போதனையே என்று 1977இல் நீதிமன்றம் தடுத்தது. 1979இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பே நிலைத்தது.

நம் நாட்டிலோ? 2024இல் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில், தன்னம்பிக்கையூட்ட வந்தவர் உடற்குறையை முற்பிறவி வினை என்றார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்தார். அவர் மட்டும் வாய் மூடியிருந்தால், எத்தனை இளம் உள்ளங்களில் அந்நஞ்சு இறங்கியிருக்கும்!

"குற்றம் உன் மனத்தில், அதை அடக்கு" என்பது எளிது, செலவும் இல்லை. தேர்வின் கெடுபிடியை, வீட்டின் வறுமையை, சாதியின் ஏச்சை, உறக்கமற்ற இரவை ஆராய்வதோ கடினம். ஆயினும் நோயின் வேர் அங்கேயன்றோ இருக்கிறது? பள்ளிதோறும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் வேண்டும். விளையாட்டு வேளையைப் பிடுங்காத கால அட்டவணை வேண்டும். 14416 என்ற மனநல உதவி எண் வகுப்புச் சுவரிலே எழுதப்பட வேண்டும்.

தோழர்களே! சத்திரத்தில் நிற்கும் அந்த மாணவனிடம் மௌனத்தைத் திணிக்காதீர். "என்னப்பா துயரம்?" என்று கேளுங்கள். அவன் வாய் திறக்கட்டும். நாம் செவி கொடுப்போம்.