சனியோ ஞாயிறோ

"சனியோ ஞாயிறோ என்றால் விடுமுறை." இந்த வாக்கியத்தில் எனக்குப் பிடித்தவை அந்த இரண்டு ஓகாரங்கள். ஒவ்வொரு கிழமையின் வாலிலும் ஒன்று ஒட்டிக்கொள்வதால், இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறார்கள் என்பதில் கேட்பவருக்கு ஐயமே வராது.

பைத்தான் நிரல்மொழி படிக்கத் தொடங்கிய மாணவி ஒருத்தி இதை இப்படி எழுதினாள்:

இஃப் நாள் == "சனி" ஆர் "ஞாயிறு":

நிரல் ஓடியது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. புதன் என்று கொடுத்தாலும் விடுமுறை என்றது.

அந்த வரியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 'ஆர்' என்பதைவிட இரட்டைச் சமக்குறியின் பிடி இறுக்கமானது. அதனால் நாள் == "சனி" என்பது ஒரு துண்டாகவும், "ஞாயிறு" என்ற வெறும் சொல் இன்னொரு துண்டாகவும் பிரிகின்றன. புதனன்று முதல் துண்டு பொய். இரண்டாவதில் ஒப்பிட ஏதுமில்லை, சொல் மட்டும் தனியே நிற்கிறது. காலியாக இல்லாத எந்தச் சொல்லும் பைத்தானுக்கு மெய்தான். இதிலும் ஒரு நுட்பம்: 'ஆர்' அங்கே திருப்பித் தருவது 'ட்ரூ' கூட இல்லை, "ஞாயிறு" என்ற அந்தச் சொல்லையே!

கோபால் மொழியில் நாள் = 6 ஆர் 7 என்று எழுதலாம்; விட்டுப்போன பாதியை அது தானே நிரப்பிக்கொள்ளும். பைத்தான் அப்படி நிரப்பாது. அதற்குப் பதிலாக 'இன்' என்ற இரண்டெழுத்துச் சொல்லைத் தருகிறது:

இஃப் நாள் இன் ("சனி", "ஞாயிறு"):

கேள்வி ஒரே முறை, கிழமைகள் அடைப்புக்குள். கண்ணுக்கு எத்தனை ஆறுதல்! அந்தக் காற்புள்ளியையும் கவனியுங்கள். ("சனி") என்று ஒன்றை மட்டும் எழுதிக் காற்புள்ளியை விட்டுவிட்டால் பட்டியலே கரைந்து வெறும் சொல்லாகிவிடும். பிறகு 'இன்' அந்தச் சொல்லுக்குள் தேடும்; "ச" என்று கொடுத்தாலும் உண்டு என்று சொல்லும்.

மறுப்பில்தான் எனக்கு இன்னும் சுவை. சனியோ ஞாயிறோ என்பதை மறுக்கும்போது நாம் "சனியும் இல்லை, ஞாயிறும் இல்லை" என்கிறோம். ஓ போய் உம் வந்துவிடுகிறது. இதைக் குழந்தைக்குக்கூட யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நிரலில் மட்டும் கை தவறி நாள் != "சனி" ஆர் நாள் != "ஞாயிறு" என்று எழுதிவிடுகிறோம். சனிக்கிழமையும் அந்தச் சோதனையைத் தாண்டிப் போய்விடும், அது ஞாயிறு இல்லையே! 'ஆர்' இருக்கும் இடத்தில் 'அண்ட்' வர வேண்டும். இப்படி மாற்றிக்கொள்வதைத்தான் டி மார்கன் விதி என்கிறார்கள். அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தவர். கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போய்விட்டார், அவர் தமிழ் பேசி வளரவில்லை. இருந்தாலும் ஓகாரம் உம்மையாகும் இந்த இடத்தில் மதுரையில் பிறந்தவரின் பெயர் நிற்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

வேலை நாளுக்கான வரியை எழுதும் முன் அந்த மாணவி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்: "சனியும் இல்லை, ஞாயிறும் இல்லை." பிறகு 'நாட் இன்' என்று தட்டினாள்.