முடிவில் அறியப்படும் மணம்: மஜ்மூஆ அத்தரை முன்வைத்துச் சில கருத்துகள்

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துல் முதஃப்பிஃபீன், அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டித்துத் தொடங்குகிறது. அதே அத்தியாயத்தின் 26ஆம் வசனம், சுவனவாசிகள் அருந்தும் பானத்தின் ‘கிதாம்’ கஸ்தூரி என்று அறிவிக்கிறது. அச்சொல்லுக்கு முத்திரை என்று பொருள் கொண்டோரும் உண்டு; முடிவு என்று பொருள் கொண்டோரும் உண்டு. இமாம் கிஸாயீயின் ஓதலில் அது ‘காதம்’ என்றே வருகிறது. இமாம் தபரீயோ, பானத்தின் இறுதியில் எஞ்சுவது கஸ்தூரி மணம் என்னும் விளக்கத்தையே ஏற்புடையதாகத் தேர்கிறார். மோசடியைப் பற்றிய எச்சரிக்கையும் முடிவில் எஞ்சும் மணமும் ஒரே அத்தியாயத்தில் அமைந்திருப்பதைப் பல ஆண்டுகள் ஓதியும் ஓதுவித்தும் வந்திருக்கிறேன். அவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்கும்படி செய்தவை இரண்டு சிறிய அத்தர்க் குப்பிகள்.

‘மஜ்மூஆ’ என்றதும் அரபுக் கல்லூரி மாணவருக்குப் பல சிறு நூல்களை ஒன்றாகக் கட்டிய தொகுதி நினைவுக்கு வரும். அத்தர்க் கடையிலும் அச்சொல் ஏறக்குறைய அதே பொருளில்தான் வழங்குகிறது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரத்து மரபில் மஜ்மூஆ என்பது தாழம்பூ, கடம்பு, வெட்டிவேர், மண் ஆகிய நான்கின் அத்தர்களைச் சேர்த்தமைத்த கலவை. பெயர் அரபு, தொழில் வடநாட்டுத் தொழில், சரக்கோ நமக்கு அந்நியமன்று. தாழையையும் கடம்பையும் சங்க இலக்கியம் பயின்றோர் அறிவர். வெட்டிவேர் கடலூர் மாவட்டத்து மணல் நிலங்களில் விளைகிறது. மண்ணைப் பற்றிக் கரிசல்காட்டில் வாழ்பவருக்குப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆக்கும் முறையைச் சுருங்கச் சொல்லலாம். ‘தேக்’ எனப்படும் செம்பு அண்டாவில் பூவோ வேரோ இட்டு, நீர் ஊற்றி, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் அடைத்துத் தீ மூட்டுவர். எழும் ஆவி, கயிறு சுற்றிய மூங்கில் குழாய் வழியே சென்று, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திய ‘பப்கா’ என்னும் செம்புக் கலத்தில் குளிர்கிறது. அக்கலத்துள் முன்னரே ஊற்றி வைத்த சந்தனத் தைலம் மணத்தை ஏந்திக் கொள்ளும். நீரை வடித்துவிட்டு மீண்டும் மீண்டும் காய்ச்சுவர். மண் அத்தருக்குப் பூவின் இடத்தில் சூளையில் சுட்ட களிமண் வில்லைகளும் ஓடுகளும் இடப்படும். ஆகவே முறையான அத்தர் என்பது சந்தனத்தின் மடியில் வேறொரு மணத்தை வளர்த்தெடுப்பதாகும். இதை மனத்தில் இருத்தாமல் அத்தரை மதிப்பிட இயலாது.

கோவில்பட்டியில் ஒரு கோடை மாதத்து வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மஜ்மூஆக்களை மாறி மாறிப் பூசிப் பார்த்தேன். ஒன்று, கன்னோஜ் சென்று வந்த நண்பர் சந்தனத்தில் வடித்ததென்று கேட்டு வாங்கி வந்தது. மற்றொன்று, பெருநாள் சந்தையில் அதே பெயரோடும் ‘ஆல்கஹால் அற்றது’ என்ற சீட்டோடும் மிக மலிவாகக் கிடைத்தது. குளித்தபின் மணிக்கட்டில் ஒரு துளி, கழுத்தோரம் ஒரு துளி. தொழுகை நேரங்களே எனக்குக் கடிகாரம்.

முதல் குப்பி திறந்தவுடன் தாழம்பூவே பேசுகிறது. அதுவும் சற்று உரத்த குரலில். தேனும் பச்சையும் கலந்த அந்தக் காரமான இனிப்பு எளிதில் ஆவியாகும் பொருள்களால் ஆனது. கரிசல் வெயிலில் அது குத்பா முடிவதற்குள் தணிந்துவிடுகிறது. அதன் பின்னே கடம்பு, வெயிலில் வாடிய பூவின் மங்கிய இனிமையோடு வருகிறது. அஸர் வேளையில் பூக்கள் விலகி மண் தெரிகிறது. மஃரிபுக்குள் வெட்டிவேர் மேலெழுகிறது: ஈர வேரின் கசப்பு, லேசான புகை, பானைத் தண்ணீரின் குளுமை. இஷாவுக்குப் பின் எஞ்சுவது சந்தனம் மட்டுமே. பால் போன்ற அந்த மென்மை, மறுநாள் சுபுஹு வேளையில் சட்டையின் கழுத்துப்பட்டையில் இன்னும் இருந்தது. வெட்டிவேரிலும் சந்தனத்திலும் உள்ள மணப் பொருள்கள் கனமானவை, மெல்ல ஆவியாகுபவை என்பதே இவ்வரிசைக்குக் காரணம். உளூச் செய்த மணிக்கட்டில் தாழம்பூ விரைந்து கழிந்தது; ஆனால் ஒவ்வொரு முறை நீர் பட்டபோதும் வேரின் மணம் புதிதாய்க் கிளர்ந்தது. கழுத்தில் அதே அத்தர் நிதானமாக நடந்தது.

தோல் வெறும் தாள் அன்று. உடலின் வெப்பமும் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் மணத்தின் நடையை மாற்றுகின்றன. உலர்ந்த காற்றில் உலர்ந்துபோன தோல் பூக்களை நெடுநேரம் தாங்குவதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இல்லத்தில் பகலில் உறங்கியபோது, அவர்களின் வியர்வையை உம்மு ஸுலைம் (ரலி) குப்பியில் சேகரித்துத் தம் நறுமணத்தில் கலந்துகொண்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அது நாயகத்திற்கே உரிய சிறப்பு. அதில் நமக்குப் பங்கில்லை. எனினும், மேனியையும் நறுமணத்தையும் வெவ்வேறாகக் காணாத ஒரு பார்வை அன்றே இருந்தது என்பதை அச்செய்தியிலிருந்து உணரலாம்.

முதல் குப்பியிலும் எனக்கொரு குறை உண்டு. அதன் மண், நம் மண் அன்று. நாள்கணக்கில் வெடித்துக் கிடந்த கரிசலில் கோடைமழையின் முதல் துளிகள் விழும்போது எழும் மணம் கனமானது. வெடிப்பின் ஆழத்திலிருந்து வருவது. அதில் வேரும் சருகும் மக்கலும் இருக்கும். மண் நுண்ணுயிர்கள் ஆக்கும் ‘ஜியோஸ்மின்’ என்னும் பொருளுக்கு அதில் பெரும்பங்குண்டு. மண் அத்தரில் இருப்பதோ சூளை கண்ட களிமண்ணின் மணம். புதுப்பானையில் முதன்முதலாக நீர் ஊற்றும்போது எழுவது அது. உழுத நிலத்தை அதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மழை மணத்துக்கு 1964இல் ‘பெட்ரிகோர்’ என்று பெயரிட்ட ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் பேரும் தாமஸும், உத்தரப் பிரதேசத்தார் அம்மணத்தை முன்னரே சந்தனத் தைலத்தில் பிடித்து விற்றுவந்ததைக் குறிப்பிட்டனர். அப்பெருமை கன்னோஜுக்குத் தகும். ஆயினும் ‘முதல் மழையின் மணம்’ என்று விற்பனையாளர் கூறுவதைக் கரிசல்காட்டான் அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. பானையின் மணம் என்று சொன்னால் அது குறையுமன்று, உண்மையுமாகும்.

இரண்டாம் குப்பியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. திறந்தவுடன் முதலாவதைவிட அதுவே கவர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன். பள்ளிவாசலில் இருவர் விசாரித்ததும் அதைப் பற்றித்தான். ஆனால் ஜும்ஆவில் இருந்த அதே இனிப்பு அஸரிலும் இருந்தது, மஃரிபில் மெலிந்தது, இஷாவில் தோலில் வெறும் எண்ணெய்ப் பிசுக்கு எஞ்சியது. நான்கு நூல்களின் தொகுதி என்று அட்டையில் அச்சிட்டு, உள்ளே ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கட்டியது போன்றது அது.

இதற்குக் காரணம் தெரிந்ததே. சந்தன மரம் 1998 முதல் அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. தைலத்தின் விலை எளியவர்க்கு எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்டது. அதன் இடத்தில் திரவப் பாரஃபினும் டை எத்தில் தாலேட்டும் வந்தன. செயற்கை மணம் ஹராம் என்று நான் கூறவில்லை. ஏழைக்கும் ஜும்ஆவன்று மணம் பூசும் ஸுன்னத்தில் உரிமை உண்டு. செயற்கையை இயற்கை என்று கூறி விற்பதே குற்றம். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருக்கக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். அத்தரில் நனைந்த தானியம் இருக்கும் இடம், பூசிய சில மணி நேரத்துக்குப் பின்னால் இருக்கிறது. குப்பியை மூக்கருகே பிடித்து வாங்குவோர் குவியலின் மேற்பரப்பை மட்டுமே பார்க்கின்றனர்.

நம் முன்னோர் இவ்வகையில் நம்மைவிட விழிப்பாக இருந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டின் தத்துவ அறிஞர் அல்கிந்தீ நறுமண ஆக்கம் பற்றி எழுதிய நூலில், விலையுயர்ந்த சரக்குகளைப் போலவே செய்யும் முறைகளும் காணப்படுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சந்தைக் கண்காணிப்பாளருக்காக ஹிஸ்பா நூல் எழுதிய அஷ்ஷைஸரீ, நறுமண வணிகருக்கென ஓர் இயலே ஒதுக்கி, அங்கு நிகழும் கலப்படங்களையும் அவற்றைக் கண்டறியும் வழிகளையும் எடுத்துரைக்கிறார். இன்று நம்மிடையே அத்தரைப் பற்றிக் கேட்கப்படும் ஒரே கேள்வி, ஆல்கஹால் உண்டா இல்லையா என்பதே. அக்கேள்வி ஃபிக்ஹு நூல்களில் தனக்குரிய இடத்தைப் பெற்றுள்ளது. ஆனால் அச்சீட்டு, குப்பியில் இல்லாத ஒன்றைச் சொல்கிறதேயன்றி, இருப்பது என்ன என்று சொல்வதில்லை. மார்க்கப் பேணுதலின் பெயரால் ஒட்டப்படும் சீட்டு, மார்க்கம் கண்டித்த ஏமாற்றுக்கே திரையாகிவிடக் கூடாது.

எனவே அத்தர் வாங்குவோர்க்கு நான் கூறக்கூடியது இது: கடையில் ஒரு துளியைக் கையில் இட்டுக்கொண்டு, வாங்காமல் வீடு திரும்புங்கள். ஒரு தொழுகையும் அடுத்த தொழுகையும் கழியட்டும். மணம் மாறுகிறதா, மாறிய பின்னும் அதில் ஒழுங்கு இருக்கிறதா, இறுதியில் எஞ்சுவது எது என்று பாருங்கள். இஷாவுக்குப் பின்னும் கையை முகர மனம் விரும்பினால், மறுநாள் சென்று விலை கேளுங்கள். நேர்மையான வணிகர் இதற்கு மனம் வருந்தமாட்டார்.