சீத்தைத் துணியும் சாயவேரும்

'உலகை மாற்றிய துணி' என்ற தலைப்பில் றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகம் 2020 செப்டெம்பரில் திறந்த கண்காட்சிக்குப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிச் சென்றிருந்தேன். சோழமண்டலக் கரையில் கையால் தீட்டப்பட்டு ஐரோப்பியச் சீமாட்டிகளின் உடையாகிய சீத்தைத் துணிகளும் அங்கிருந்தன. உள்ளூர் நெசவைக் காக்கவென பிரான்சு 1686இலும், இங்கிலாந்து 1700, 1721ஆம் ஆண்டுச் சட்டங்களாலும் இத்துணிகளைத் தடுத்தன. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது என் குரலில் பெருமிதம் ஏறியிருக்க வேண்டும்.

"உந்தச் சிவப்பு எப்பிடி வந்தது?" என்றாள் இளையவள்.

படிகாரம் தீட்டிய இடத்தில் சாயவேர் சிவப்பாகப் பற்றும், அந்த வேரை மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிண்டி எடுத்தார்கள் என்றேன்.

"ஆர் கிண்டினவை?"

ஒல்லாந்தர் காலத்தில் வேர் கிண்டுதல் குறித்த சாதியினர்மீது சுமத்தப்பட்ட ஊழியம். சீமாட்டியின் உடை பெட்டகத்தில் பேணப்பட்டு நூதனசாலைக்கு வந்து சேர்கிறது; வேர் கிண்டியவரின் கந்தை மண்ணோடு போய்விட்டது. உடைகளை மட்டும் வைத்து வரலாறு சொல்லும் எந்தக் கண்காட்சிக்கும் உள்ள எல்லை இது.

ஆனால் நமது மௌனத்துக்கு அந்தச் சமாதானம் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலாடை அணிவது 20ஆம் நூற்றாண்டிலும் மறுக்கப்பட்டது. மறுத்தவர்கள் ஒல்லாந்தரல்லர், நாமே. உடையின் வரலாறு என்றால் அதுவும் நமது உடையின் வரலாறுதான். 2016இல் கனேடிய நாடாளுமன்றம் அங்கீகரித்த தமிழ் மரபுத் திங்களில் பட்டுச்சேலையை மேடையேற்றும் நாம், அந்தச் சிறுமியின் கேள்விக்கு எந்த மேடையில் பதில் சொல்லப் போகிறோம்?