வாசகர் தைத்த தொடர்களும் பதிப்பாளர் அச்சிட்ட ஓவியத் தொகுதிகளும்: தமிழ் இதழோவியச் சேகரிப்பு குறித்த ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: இதழோவியம், தொடர்கதை, பைண்டு தொகுதி, ஓவிய நூல், சேகரிப்பு

இதழ்களில் வரைந்த ஓவியர்களின் படைப்புகளைத் தனி நூலாக வெளியிடும் வழக்கம் தமிழில் காலந்தாழ்ந்தே தோன்றியது. சேர்த்துவைக்கும் வழக்கமோ அவ்வளவு பிந்தியதன்று. தொடர்கதைத் தாள்களை வாரந்தோறும் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் பைண்டு செய்து வைத்த வாசகர் வீடுகளில் அது முன்னரே தொடங்கிவிட்டது. தொகுதியின் முதுகில் பொறிக்கப்பட்டது கதையின் பெயரே. ஆயினும், கதையை முன்பே படித்து முடித்துவிட்ட வீட்டில் அத்தொகுதி மீண்டும் திறக்கப்பட்டதற்குப் படமும் ஒரு காரணம். எனவே, தமிழ் இதழோவியத்தின் முதல் ஓவிய நூல் வாசகர் தைத்த தொகுதியே எனக் கொள்ளலாம். இன்றைய வழவழப்புத்தாள் ஓவியத் தொகுதிகளை மதிப்பிடவும் அதுவே தக்க அளவுகோல்.

பைண்டு செய்வோர் இதழின் பின்னை நீக்கிக் கதைப் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்வர், அட்டை கழிக்கப்படும். அட்டையில் அச்சிட்டிருந்த நாள் அப்போதே தொலைகிறது. தைத்தபின் ஓரங்களை வெட்டிச் சமன்செய்யும்போது படத்தின் விளிம்பும், சிலவேளை அங்கே இடப்பட்ட ஓவியர் கையொப்பமும் போய்விடும். ஆய்வாளருக்கு இவை பேரிழப்பு. எனினும், தைத்தவர் கருதாமலே காத்தவையும் உள. பக்கத்தின் பாதியை அடைத்த விளம்பரம், பின்பக்கத்துத் துணுக்கு, பத்தியைப் பிளந்து படம் புகுந்த இடம் ஆகியன அங்கே அப்படியே இருக்கின்றன. அச்சுக்கட்டையின் நுட்பமும் அத்தாளிலேயே தெரியும். கோட்டோவிய பிளாக் சாதாரணத் தாளிலும் தெளிவாகப் பதியும் என்பதால், நிழலையும் துணிமடிப்பையும் கோடுகளின் நெருக்கத்தால் காட்டும் முறை வளர்ந்தது. பெரிதாக்கி வழவழப்புத்தாளில் அச்சிடும்போது அந்நெருக்கம் தளர்ந்து, கோடுகள் தேவைக்கு மீறியவையாகத் தோன்றுகின்றன.

இவற்றினும் முதன்மையானது படம் நிற்கும் இடம். தொடரின் தொடக்கப் பக்கத்துப் படம் பலவேளை அந்த வாரத்தின் உச்சநிகழ்வையே காட்டும். வாசகர் நிகழ்வைப் படிக்குமுன் பார்த்துவிடுகிறார். அந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதை அறியவே மேலே படிக்கிறார். இவ்வகையில் அப்படம் எழுத்தாளர் சொல்லாத முன்னறிவிப்பாகும். உரையினின்று பிரித்து நடுப்பக்கத்தில் தனியே வைத்தால் படத்தின் அழகு குறைவதில்லை; அதன் தொழில் நின்றுவிடுகிறது.

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்தபோது மணியம் வரைந்தார். அதே இதழில் அக்கதை மீண்டும் தொடராக வந்த காலங்களில் வினு, பத்மவாசன் முதலியோர் வரைந்தனர். வந்தியத்தேவனுக்குத் தலைமுறைக்கொரு முகம் அமைந்தது. கையொப்பமும் நாளும் இழந்த தொகுதி ஒன்று கிடைத்தால், அது எவ்வெளியீட்டைச் சார்ந்தது என்பதைக் கோட்டின் போக்கும் தாளும் கொண்டே துணியவேண்டும். இதனைச் செய்யாது 'பொன்னியின் செல்வன் ஓவியங்கள்' எனப் பொதுப்படப் பேசினால், முதல் வாசகர் பார்த்திராத படத்தைக் கொண்டு அவர்தம் ஏற்பை விளக்கும் பிழை நேரும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானபின் பதிப்புகள் பெருகின. அவற்றுள் பல படமின்றி வந்தன. நாட்டுடைமையானது எழுத்து, ஓவியம் அன்று. மிகுதியாகப் படிக்கப்படும் வடிவத்தில் கதை தன் படங்களை இழந்தது இவ்வாறே.

'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குக் கோபுலு வரைந்த மோகனாவும் இங்கு நினைக்கத்தக்கவள். 1968இல் திரைப்படம் வந்தபின் அப்பாத்திரத்தின் முகம் பத்மினியின் முகமாயிற்று. அதற்கு முந்தைய முகத்தைக் காண விழைவோர் பழைய 'ஆனந்த விகடன்' தாள்களையே நாடவேண்டும்.

அச்சிட்ட தொகுதிகள் யாவும் குறையுடையன அல்ல. சில்பியின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' நூலாக வந்தபோது இழப்பு மிகக் குறைவு. கோயில்களுக்கே சென்று சிற்பங்களை நேரில் பார்த்து வரைந்தவர் அவர். அவர்தம் படம் கதையின் நிகழ்வைச் சார்ந்ததன்று. தூணையும் திருமேனியையும் சார்ந்தது. வாசகர் படத்தோடு கோயிலுக்குச் சென்று ஒப்பிடலாம். கதைக்கு வரைந்தவர்க்கு அத்தகைய புறச்சான்று இல்லை. அவர்தம் சான்று உரையே. சில்பி நூலின் அமைப்பைக் கதையோவியர்க்கும் அப்படியே பொருத்துவது அதனால் பொருந்தாது.

ஆதிமூலம் நிலை வேறு. ஓவியக்கூடங்களில் புகழ்பெற்ற அவர் சிற்றிதழ்களுக்கும், கி. ராஜநாராயணனின் 'கரிசல்காட்டுக் கடுதாசி'க்கும் வரைந்தார். கூடத்து ஓவியத்தைப் பெரும்படைப்பாகவும் இதழில் வந்ததை ஓய்வுநேரப் பணியாகவும் பிரிக்கும் பார்வை அவர் கோட்டுக்கு நியாயம் செய்யாது. கரிசல் மனிதரைச் சில கோடுகளில் நிறுத்தும் துணிவு இவ்விரண்டாம் வகையிலும் குறைவின்றி உள்ளது. ஓவியர்க்கு ஓவிய நூல், இதழோவியர்க்குப் பழைய தாள் என்ற ஏற்றத்தாழ்வைச் சேகரிப்பாளர்களும் பலவேளை ஐயமின்றி ஏற்றுள்ளனர்.

இவ்வேற்றத்தாழ்வுக்கு உட்படாத சேகரிப்பாளராக ரோஜா முத்தையாவைச் சுட்டலாம். கோட்டையூரைச் சேர்ந்த அவர் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். உயர்ந்தது, தாழ்ந்தது என்று பாராது அச்சேறிய அனைத்தையும் சேர்த்தார். 1994இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகத்துக்கு அவர் தொகுப்பே அடித்தளம். ஓவியம் மட்டும் வேண்டுமென்று கத்தரிப்பவர் ஓவிய வரலாற்றுக்குத் தருவதைக் காட்டிலும், முழு இதழையும் விட்டுவைப்பவர் தருவது மிகுதி.

சு. வெங்கடேசனின் 'வேள்பாரி'க்கு மணியம் செல்வன் தீட்டிய வண்ணப்படங்கள் இக்காலத்துச் சான்று. நூலிலும் அவை இடம்பெற்றன. படத்துக்காக அந்நூலை வாங்கியோரும் இருக்கக்கூடும். ஆயினும், எப்படம் எவ்விதழில், எவ்வரியை அடுத்து வந்தது என்னும் குறிப்பு இதழோவிய நூல்களில் அரிதாகவே காணப்படுகிறது. அதனைச் சேர்க்க ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு வரி போதும். பைண்டு தொகுதிகள் நூலகம் சேரும்போதும் பெரும்பாலும் எழுத்தாளர் பெயரிலேயே பதிவாகின்றன. மணியத்தைத் தேடிச் செல்பவர் இன்றும் கல்கியின் பெயரைச் சொல்லித்தான் கேட்கவேண்டியிருக்கிறது.